கடையின் பெயர் நம்முடையது, சாவி யாருடையது?

சென்ற ஆடி மாதம் ஒரு மாலை, மோகனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி சரக்கு எடுக்க என் மண்டிக்கு வந்திருந்தார். பற்று நோட்டை அவர் புரட்டியபோது கடைசிப் பக்கம் என் கண்ணில் பட்டது. ஜி.எஸ்.டி. தளத்துக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. இ-வே பில் தளத்துக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. வருமான வரி, உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் பதிவு, வங்கி, இரண்டு பேமெண்ட் ஆப், மூன்று கம்பெனிகளின் ஆர்டர் ஆப் என்று மொத்தம் பதினொன்று. அவற்றில் நான்கு, அடித்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தன.

"கடை ஒண்ணு, ஆளு ஒருத்தன். எதுக்குங்கய்யா பதினோரு பேரு?" என்று கேட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை நமது சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை உலகத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் நிபுணர்கள் இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள் என்பதும், இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை என்பதும் எனக்கே வியப்பாக இருந்தது.

முதலில் நம் தொழிலின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், சேலம் லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ முதல் முறையாகக் கடனுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியாது. அந்த மண்டிக்காரருக்கு அறிமுகமான உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். "இவர் நமக்குத் தெரிந்தவர், வரவு செலவு வைத்துக்கொள்ளலாம்" என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். மூட்டை வண்டியில் ஏறிவிடும். இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். கடிதம் எழுதிக் கொடுப்பவர், அதைக் கொண்டு போகிறவர், வாங்கிப் படித்து நம்புகிறவர். கடிதம் கொண்டு போகிறவர் தன் வீட்டுக் கணக்கையோ பெட்டிச் சாவியையோ மண்டிக்காரரிடம் காட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, கடிதம் எழுதும் உரிமை ஒரே ஆளிடம் இல்லை. ஒருவரோடு மனத்தாங்கல் வந்துவிட்டால் வேறொரு வியாபாரியிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரிலும் இப்படியே செய்தால் என்ன என்ற எண்ணம்தான் 'ஓப்பன் ஐ.டி.' என்ற ஏற்பாடு. லைவ்ஜர்னல் என்ற இணையதளத்தைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கர் 2005-ஆம் ஆண்டு இதை உருவாக்கினார். நமக்கென்று ஓர் இணைய முகவரி இருந்தால் அதுவே நம் பெயர். எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த முகவரியைச் சொன்னால் போதும். அந்தத் தளம் நமக்குச் சாட்சி சொல்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே விடும். தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டாம். சாட்சி சொல்பவராக யாரை வைத்துக்கொள்வது என்பதும் நம் விருப்பம். யாருக்கும் ஏகபோகம் கிடையாது. 2007-இல் இதற்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. 2008-இல் யாஹூ, கூகுள் போன்ற பெரிய கம்பெனிகளும் சேர்ந்தன. இனி எல்லாம் ஒரே சாவிதான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் நடந்தது வேறு. பெரிய கம்பெனிகள் எல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்க முன்வந்தன. அடுத்தவர் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை. வாடிக்கையாளர் நம் கடையில் பெயர் பதிந்தால் அவர் நம் ஆள். அடுத்த கடைக் கடிதத்தோடு வந்தால் அவர் அடுத்த கடை ஆள். எந்த முதலாளிக்குத்தான் இது தெரியாது? போதாக்குறைக்கு, பெயர் கேட்டால் இணைய முகவரியை எழுது என்பது சாதாரண ஜனங்களுக்குப் புரியவும் இல்லை. 2008-ஆம் ஆண்டிலேயே ஃபேஸ்புக் கம்பெனி தன் கணக்கை வைத்தே மற்றத் தளங்களுக்குள் போகும் வழியைக் கொண்டுவந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றதும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஓப்பன் ஐ.டி. கடிதம் எழுதித் தந்த 'மை ஓப்பன் ஐ.டி.' என்ற நிறுவனம் 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. மொசில்லா என்ற லாப நோக்கமில்லாத நிறுவனம் 'பெர்சோனா' என்ற பெயரில் நடத்திப் பார்த்த இதே போன்ற முயற்சியும் 2016 நவம்பரோடு நின்றுபோனது.

எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2014-இல் அதே அமைப்பு 'ஓப்பன் ஐ.டி. கனெக்ட்' என்ற புதிய விதிமுறையை வெளியிட்டது. இன்று பல ஆப்களில் 'கூகுள் மூலம் உள்ளே செல்க' என்று பார்க்கிறோமே, அதன் பின்னால் ஓடுவது இந்த விதிமுறைதான். விதி எல்லோருக்கும் பொது. கடிதம் எழுதுபவர்கள் மட்டும் விரல் விட்டு எண்ணும் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் நம் கணக்கை நிறுத்தினால், அதன் மூலம் திறந்த அத்தனை கதவும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். ஆர்டர் ஆப்களில் இந்தப் பொத்தானை அழுத்தும் முன் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கதை எப்படிப் போயிற்று என்று பார்ப்போம். நம் கல்லாப் பெட்டி மேலேயே அதற்கு உதாரணம் ஒட்டியிருக்கிறது.

யு.பி.ஐ. முறையை 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். அதற்குப் பின்னரும் சில ஆண்டுகள் நம் கடைகளின் முகப்பு எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு கியூ.ஆர். அட்டை, நான்கு கம்பெனி என்றால் நான்கு அட்டை. வாடிக்கையாளர் எந்த ஆப் வைத்திருக்கிறார் என்று கேட்டு அதற்குத் தகுந்த அட்டையைக் காட்ட வேண்டிய சந்தர்ப்பங்கள் இருந்தன. ரிசர்வ் வங்கி, மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் தீபக் பாடக் தலைமையில் ஒரு குழுவை அமைத்து இதை ஆராய்ந்தது. பின்னர் 2020 அக்டோபர் 22 அன்று ஓர் உத்தரவு போட்டது. எந்தக் கம்பெனியும் இனித் தனக்கு மட்டும் சொந்தமான புதிய கியூ.ஆர். முறையைக் கொண்டுவரக் கூடாது. ஏற்கெனவே அப்படி வைத்திருப்பவர்கள் 2022 மார்ச் 31-க்குள் பொது முறைக்கு மாற வேண்டும் என்பதே அது. இன்று எந்த அட்டையையும் எந்த ஆப்பும் படிக்கிறது.

ஓப்பன் ஐ.டி.காரர்கள் கெஞ்சிக் கேட்டு நடக்காதது இங்கே ஒரே உத்தரவில் நடந்தது. அடுத்தவர் கடிதத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மேலிருந்து ஒருவர் சொன்னார், வாங்கினார்கள். அரசாங்கத் தலையீடு என்றாலே முகம் சுளிப்பவன் நான். வரி விஷயத்தில் இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் இந்த இடத்தில் அது சிறு வணிகருக்கு நன்மையே செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். நம் யு.பி.ஐ. முகவரியைப் பாருங்கள். முன்பாதி நம் பெயர் அல்லது எண். 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பது வங்கி அல்லது ஆப்பின் அடையாளம். ஆப்பை மாற்றினால் அந்த முகவரியைக் கூடவே கொண்டுபோக முடியாது. அட்டையை மாற்ற வேண்டும், வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும். செல்போன் எண்ணில் இந்தத் தொல்லை இருந்ததையும் அது தீர்ந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை வந்தது. அது வந்த பிறகுதான் அந்த எண் ஓரளவு நம்முடையது ஆனது. யு.பி.ஐ. முகவரிக்கும் அப்படி ஓர் உரிமை வேண்டும் என்பது என் கருத்து.

நாமக்கல்லைச் சுற்றியுள்ளவர்களுக்குத் தெரிந்த இன்னொரு உதாரணம் லாரிக்காரர்களுடையது. டிஜிலாக்கர் என்ற அரசுப் பெட்டகம் 2015 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம் முதலியவற்றை அவற்றை வழங்கிய அலுவலகமே டிஜிட்டல் கையெழுத்தோடு அந்தப் பெட்டகத்தில் வைக்கும். நாம் செல்போனில் எடுத்துக் காட்டலாம். எழுதிக் கொடுத்தவர் ஒருவர், வைத்திருப்பவர் நாம், பார்த்து நம்புகிறவர் இன்னொருவர். நம் பழைய அறிமுகக் கடிதத்துக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுதான். ஆனால் சாலையில் நிறுத்திக் கேட்பவர்கள் "ஒரிஜினல் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். 2018 ஆகஸ்டில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிலாக்கரில் உள்ளதை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அதன் பிறகே செல்போனைக் காட்டிவிட்டு வண்டியை எடுக்கும் தைரியம் ஓட்டுநர்களுக்கு வந்தது. இங்கும் சிக்கல் கடிதத்தில் இல்லை. வாங்குகிற கையில்தான் இருந்தது.

ஆதார் இதற்கு நேர்மாறான வழி. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிர மாநிலம் தெம்பிலி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டது. அதில் சாட்சி சொல்பவர் நாடு முழுவதற்கும் ஒரே ஒருவர். வசதிதான்; ஆனால் எல்லாம் ஓரிடத்தில் சேருகிறது. தனியார் கம்பெனிகள் இதைத் தம் விருப்பம்போல் பயன்படுத்த இடம் கொடுத்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நீக்கியது. இங்கே ஒரு வார்த்தை: கண்டவர்களுக்கெல்லாம் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும் பழக்கத்தை நம்மவர்கள் விட வேண்டும். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் பிரதியை ஆதார் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான காரியங்களுக்கு அது போதும்.

ஓ.என்.டி.சி. பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2022 ஏப்ரலில் ஐந்து ஊர்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். அவற்றில் நம் கோயமுத்தூரும் ஒன்று. ஒரு ஆப்பில் கடையைப் பதிந்தால் மற்ற ஆப்களில் தேடுபவர்களுக்கும் அந்தக் கடை தெரியும் என்பது அதன் அடிப்படை. எண்ணம் நல்ல எண்ணம். நம் பகுதி மளிகைக்காரர்களில் இறங்கியவர்கள் குறைவு என்பதால் அதிகம் எழுதவில்லை.

இப்போது உலக அளவில் இரண்டு புதிய ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. இணையத்துக்கு விதிமுறை வகுக்கும் டபிள்யூ-3-சி என்ற அமைப்பு, எந்தக் கம்பெனியையும் அரசாங்கத்தையும் சாராமல் ஒருவர் தன் அடையாளத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முறை ஒன்றுக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் மண்டி எங்கே? நம் பதினொரு தளங்களில் ஒன்றுகூட இன்று அதைக் கேட்பதில்லை. ஓப்பன் ஐ.டி.க்கு நேர்ந்தது இதற்கும் நேருமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

மற்றொன்று 'பாஸ்கீ'. இது நம் கைக்கு வந்துவிட்டது. ஒரு சீட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை நாமும் மறு பாதியைத் தளமும் வைத்துக்கொள்வது போன்றது இது. நம் பாதி செல்போனுக்குள்ளேயே இருக்கும். விரல் ரேகை, முகம் அல்லது பூட்டு எண் கொண்டு செல்போனைத் திறந்தால்தான் வேலை செய்யும். தளத்தில் உள்ள பாதியை ஒருவன் திருடினாலும் அதைக் கொண்டு நம் பாதியைத் தயாரிக்க முடியாது. போலித் தளம் ஒன்றை உண்மைத் தளம் போலவே காட்டி நம்மை ஏமாற்றினாலும் செல்போன் ஏமாறாது. தளத்தின் முகவரி மாறியிருந்தால் சீட்டை நீட்டாது. ஓ.டி.பி.யைப் போனில் கேட்டு வாங்கி மோசடி செய்வது போல, இதைச் சொல்லிக் கொடுக்கவும் வழியில்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் 2022 மே மாதம் இதற்குச் சேர்ந்து சம்மதித்தன. இந்த முறை அவர்கள் சேர்ந்ததற்குக் காரணம், பாஸ்வேர்டு திருட்டால் அவர்களுக்கும் நஷ்டம் என்பதுதான். குறை ஒன்று உண்டு. செல்போன் தொலைந்தால் சாவியைத் திரும்பத் தருவது கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோதான். ஆகவே அந்த ஒரு கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியும் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. ஒன்றையே நம்பியிராமல் வேறு வழிகளுக்கும் இடம் தரும் விதிகளை 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவித்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, நமக்கு இன்றைக்கு உண்மையான சாவி எது என்று பார்த்தால், அது செல்போன் எண்தான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. எண் நம் சாவி என்று சிலர் நினைக்கிறார்கள். பதினைந்து இலக்கம்; முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33; அடுத்த பத்து நம் பான் எண். அதைப் பில்லில் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம். அது பெயர்ப் பலகை. பெயர்ப் பலகையைக் கொண்டு கடையைத் திறக்க முடியாது. கடையைத் திறப்பது, ஓ.டி.பி. போய்ச் சேரும் அந்த எண்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த சமயம் எங்களுக்குக் கணக்கு பார்த்த ஒருவர், "ஓ.டி.பி.க்காக உங்களை அடிக்கடி தொந்தரவு செய்வானேன்" என்று தம் எண்ணையும் தம் மின்னஞ்சலையும் பதிந்துவிட்டார். எனக்கும் அது சௌகரியமாகவே பட்டது. சில ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. பின்னர் கூலி விஷயமாக வருத்தம் வந்து அவர் விலகினார். அடுத்த மாதம் புதியவர் உட்கார்ந்து தளத்தைத் திறந்தால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது. அவர் போனை எடுப்பதில்லை. விற்பனைப் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டிய 11-ஆம் தேதி போயிற்று. வரிக் கணக்குக்கான 20-ஆம் தேதியும் போயிற்று. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறியது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம், என்னிடம் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரிகளுக்கு அந்த மாத உள்ளீட்டு வரி வரவு தெரியாமல் போனது. முப்பது வருஷப் பழக்கத்தில் என்னிடம் முதல் முறையாக "பில்லு சரியா போட்டீங்களா?" என்று கேட்டார்கள். தொடர்ந்து இரண்டு மாதம் கணக்குத் தாக்கல் ஆகாவிட்டால் இ-வே பில் போடவும் முடியாது என்பதால் தூக்கம் போனது.

வழி இருந்தது. நம் சரகத்து வரி அலுவலரிடம் மனுக் கொடுத்து, நாம்தான் உரிமையாளர் என்பதற்கான ஆவணங்களைக் காட்டினால், அவர் சரிபார்த்துப் புதிய செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து, பாஸ்வேர்டைப் புதுப்பித்துத் தருவார். அப்படித்தான் மீண்டேன். ஆனால் தளத்துக்குள் இப்போதும் போக முடிகிறவர்களுக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. பதிவுத் திருத்தம் பகுதியில், அலுவலர் ஒப்புதல் தேவைப்படாத திருத்தத்தின் கீழ், எண்ணையும் மின்னஞ்சலையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். புது எண்ணுக்கு ஓ.டி.பி. வரும்; அவ்வளவுதான். இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம். அங்கே கணக்கப்பிள்ளைக்கும் குமாஸ்தாவுக்கும் தனித்தனித் துணைப் பெயர் கொடுக்கலாம். அவரவர் எண்ணுக்கு அவரவர் ஓ.டி.பி. வரும். விலகினால் அந்தத் துணைப் பெயரை மட்டும் நிறுத்தினால் போதும். நம் எண்ணை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

பதிவு செய்த எண்ணுள்ள சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாத எண் சில மாதங்களில் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குப் போய்விடும். நம் ஓ.டி.பி. அவருக்குப் போகும். கடைக்கென்று தனி எண் வாங்கி, தொழிலில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று சொல்லி வைப்பது நல்லது. முதலாளி காலமான பிறகு அவர் போனைத் திறக்க முடியாமல் திண்டாடிய குடும்பங்களை நான் அறிவேன்.

அந்தத் தம்பியின் நோட்டை மறுபடி எடுத்துவரச் சொல்லி, பதினொன்றையும் இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். மூன்று இடத்தில் அவருடைய எண் இல்லை. ஒன்றில் கணக்கு எழுதுபவருடையது. ஒன்றில், வந்துபோன ஒரு கம்பெனி விற்பனைப் பிரதிநிதியுடையது. ஒன்றில் யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. முதல் இரண்டை அன்று இரவே மாற்றிவிட்டோம். மூன்றாவது உணவுப் பாதுகாப்பு உரிமம். அதற்காக அடுத்த திங்கட்கிழமை அவர் நாமக்கல் போகிறார்.